டயப்லோ 2-ஐ இன்னும் ஏன் விடாமல் ஆடுகிறீர்கள்?

முகில்:
நண்பர்கள் சொல்லிச் சொல்லி டயப்லோ 2 என்ற அரக்கர் வேட்டை கேமின் புதுப்பித்த பதிப்பான ரெசரக்டட் வாங்கினேன், சார்சரஸ் என்ற மந்திரக்காரியை வைத்து நார்மல் என்ற முதல் கடின நிலையை முடித்தாயிற்று. டிரிஸ்ட்ராம் என்ற ஊரில் வரும் கிடார் இசை இன்னும் காதிலேயே இருக்கிறது. ஆனால் முடித்ததும் அதே ஊர், அதே அரக்கர்கள், நைட்மேர் என்ற அடுத்த கடின நிலையில் மறுபடி முதலிலிருந்து. கிளிக், கொல்லு, விழுந்ததைப் பொறுக்கு, இவ்வளவுதானா? 2000-ல் வந்த கேமில் இத்தனை பேர் கிடையாய்க் கிடப்பது எதனால்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ரூன்வேட்டை:
நைட்மேரில்தான் ஆட்டமே சூடுபிடிக்கும். முதல் ஆக்டில், அதாவது கதையின் முதல் பாகத்தில், பாழடைந்த கோபுரத்துக்கு அடியில் கவுண்டஸ் என்ற அரக்கி இருக்கிறாளே, நார்மலில் அவள் பெரும்பாலும் சின்ன ரூன்கள்தான் (ஆயுதத்தில் பதிக்கும் மந்திரக் கற்கள்) போடுவாள், நைட்மேரில் போய் அடித்தால் ஆம்ன் ரூன்கூடக் கிடைக்க வாய்ப்பு உண்டு. டால், துல், ஓர்ட், ஆம்ன் நான்கையும் இதே வரிசையில், நான்கு சாக்கெட் (ரூன் பதிக்கும் குழி) உள்ள சாதாரண வாளில் பதித்தால் அது ஸ்பிரிட் என்ற சிறப்பு வாளாகிவிடும். எல்லா ஸ்கில்லும் இரண்டு லெவல் ஏறும், மந்திரம் போடும் வேகமும் கூடும். வரிசை தப்பினால் ரூன் எல்லாம் போச்சு. நான்காவது ரூனை வைக்கும்போது கை நின்று நிதானிக்கும் பாருங்கள், அதற்காகவே ஆடுகிறேன்.

எலும்புக்கோட்டை:
ரூன் எல்லாம் சரி, எனக்கு பில்ட்தான், அதாவது எந்த ஸ்கில்களைச் சேர்த்து ஆளை வளர்க்கிறோம் என்பதுதான் முக்கியம். பிணங்களை வைத்து மந்திரம் செய்யும் நெக்ரோமேன்சர் எடுத்துப் பாருங்கள். முதல் பிணம் விழுகிற வரைதான் கஷ்டம். எதிரிக்கு அடி கூடுதலாக விழச் செய்யும் ஆம்ப்ளிஃபை டேமேஜ் சாபத்தைப் போட்டுவிட்டு அந்தப் பிணத்தை வெடிக்க வைத்தால் பக்கத்தில் நிற்பவன் சாவான், அவன் பிணத்தையும் வெடிக்கலாம், அறையே காலி. செத்தவனின் உயிர் அளவுக்கு ஏற்பத்தான் வெடியின் பலம், அதனால் ஹெல் என்ற கடைசிக் கடின நிலையில் எதிரி பலமாக பலமாக உங்கள் வெடியும் பலமாகும். இதை யாரும் சொல்லித் தராமல் ஆடி ஆடி நாமே கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் வேறு.

கல்தச்சன்:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். முதல் டயப்லோவை டேவிட் பிரெவிக் குழு முறை வைத்து ஆடும் கேமாகத்தான் தொடங்கியது, பிறகுதான் முறைக்குக் காத்திராத ஓட்டமாக மாறியது. அந்தக் கணக்கு இரண்டாவதிலும் உள்ளே அப்படியே இருக்கிறது. வாளை வீசினால் படுமா படாதா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் பகடை உருள்கிறது. வெறும் கிளிக் என்று எனக்குத் தோன்றாததற்கு அதுதான் காரணம். ஆனால் முகில், பொருளுக்காக மெஃபிஸ்டோ என்ற பெரிய அரக்கனைத் திரும்பத் திரும்ப அடிப்பது அலுத்தால் நிறுத்திவிடுங்கள், கட்டாயம் இல்லை.

முகில்:
நெக்ரோ ஆசை வந்துவிட்டது. ஸ்கில் பாயிண்டைத் தப்பாகப் போட்டுவிட்டால்?

எலும்புக்கோட்டை:
டென் ஆஃப் ஈவில் என்ற முதல் பணியை முடித்தால், அதைத் தரும் அகாரா போட்ட பாயிண்ட் எல்லாவற்றையும் திருப்பித் தருவாள். நார்மல், நைட்மேர், ஹெல் மூன்றிலும் தலா ஒரு முறை உண்டு. அவசரப்பட்டு நார்மலிலேயே செலவழிக்காதீர்கள், சேர்த்து வைக்கலாம்.