எடை குறைப்பு ஆபரேஷன்: களி முழுங்கற வீட்டுல இது ஒத்துவருமா?

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவை.

வயசு 33. உயரம் 155 செ.மீ., எடை 108 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) 45 வருது. சுகர் வந்து நாலு வருஷம் இருக்கும், மாத்திரையிலதான் ஓடுது. பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டி, வேற. ஒரே பொண்ணு, எட்டு வயசு. அடுத்தது நிக்கவே மாட்டேங்குது. என் குறட்டைச் சத்தம் தாங்காம அவ பாட்டிகிட்டப் போய்ப் படுத்துக்கறா. அதான் எனக்கு ரொம்ப அவமானமா இருக்கு.

வீட்டுலயே தையல் வேலை. முட்டி வலியால பெடல் மிதிக்க முடியாம மெஷினுக்கு மோட்டார் மாட்டியாச்சு. பேலியோ, வாக்கிங், ஜிம் எல்லாம் பார்த்தாச்சு. குறையும், ஒரு கல்யாண சீசன் முடிஞ்சா போனதுக்கு மேல வந்து உக்காரும்.

சேலத்துல ஒரு டாக்டர் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னார். பெங்களூர்ல விசாரிச்சதுல மூணரை லட்சம்னாங்க. வீட்டுக்காரர் சரிங்கறார். மாமியார்தான், "நல்லா இருக்கற வயித்த எதுக்கும்மா அறுக்கணும், இனிமே களி கூடத் திங்க மாட்டியாமே"ன்னு அழுவுறாங்க. எங்க வீட்டுல தினமும் ராத்திரி கேழ்வரகுக் களிதான்.

சேலமா பெங்களூரா, வயித்தை வெட்டிச் சின்னதாக்கற ஸ்லீவா, குடலை மாத்தி இணைக்கற பைபாஸா, அப்புறம் களி நிஜமாவே போச்சா? பண்ணிக்கிட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

தொப்பூர் கண்டக்டர்:

தங்கச்சி, நான் பண்ணிக்கிட்டவன். தர்மபுரி – சேலம் வண்டியில ரொம்ப காலம் கண்டக்டர். அப்ப 134 கிலோ. சீட்டுக்கு நடுவுல நேரா நடக்க முடியாது, பக்கவாட்டுல திரும்பித்தான் போவேன். அப்படியும் உக்காந்திருக்கறவங்க தோள்ல வயிறு இடிக்கும். அதைவிட மோசம் பகல் தூக்கம். வண்டி தொப்பூர் கணவாய் இறங்கும், கையில சில்லறையோட நின்னபடியே எனக்குக் கண்ணு சொக்கிரும். டிரைவர் கண்ணாடியில பார்த்து அதட்டுவார்.

அதனால உங்க குறட்டையை அவமானம்னு மூடி வைக்காதீங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற நோயா அது இருக்கலாம். முன்னாடியே ஸ்லீப் ஸ்டடி பண்ணி, இருந்துச்சுன்னா தூங்கறப்ப மாஸ்க் வழியா காத்து செலுத்தற சிபாப் மெஷின் கொஞ்ச நாள் போட வெச்சுத்தான் மயக்க மருந்துக்கே அனுப்புவாங்க. குறட்டையைப் பத்திக் கேக்காம தேதி குறிக்கற இடத்துல படுக்காதீங்க.

எனக்குச் செஞ்சது பைபாஸ். வயித்தோட மேல்பக்கம் ஒரு சின்னப் பையை, சுமார் 30 மி.லி. பிடிக்கறது, பிரிச்சு, குடலைக் கொண்டுவந்து நேரா அதுல இணைக்கறாங்க. சாப்பாடு மீதி வயித்தையும் முன்சிறுகுடலையும் தொடாமலே கீழ போயிரும். எனக்கு சுகர் ஜாஸ்தி, நெஞ்செரிச்சலும் உண்டு, அதனால இதைச் சொன்னாங்க. நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு ஸ்லீவ் பண்ணினா அது கூடலாம்னாங்க. உங்களுக்கு உண்டான்னு எழுதலையே?

இப்ப களிக்கு வர்றேன், அதைத்தானே உங்க வீட்டுல பெருசாப் பேசறாங்க.

நம்ம பக்கம் களியை மெல்றவன் எவன்? கிள்ளி, குழம்புல புரட்டி, தொண்டையில வழுக்கி விடறதுதான். சின்ன வயசுல நான் மென்னா எங்கம்மா தலையில தட்டும். ஆபரேஷன் ஆன வயித்துக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. முதல்ல தண்ணி ஆகாரம், பருப்புத் தண்ணியும் மோரும், மருந்து மூடியில ஊத்தி ஊத்தி. அப்புறம் மசிச்சது. அதுக்கப்புறம் மெதுவானது. இதெல்லாம் தாண்டி, சரியாயிட்டோம்னு ஒரு நாள் ராத்திரி பழைய ஞாபகத்துல ஒரு கிள்ளு களி உள்ள போச்சு. நெஞ்சுக்குழியிலயே நின்னுருச்சு. வலின்னு சொல்ல முடியாது, ஒரு அடைப்பு. வாயெல்லாம் நுரையா எச்சில் ஊறி வழியுது, கீழயும் போகல, மேலயும் வரல. கொல்லையில குனிஞ்சு நின்னு அரைமணி நேரம் துப்பிட்டிருந்தேன். எங்க வீட்டம்மா பயந்து அக்கம்பக்கத்தை எல்லாம் எழுப்பிட்டாங்க.

இப்பவும் களி சாப்பிடறேன். எலுமிச்சங்கா அளவு, தட்டைப்பயறு குழம்புல கரைச்சு, ஸ்பூன்ல. ஆனா தட்டுல முதல்ல பயறோ முட்டையோ மீனோ காலியாகணும், களி கடைசி. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாம புரோட்டீன் போகணும்னு கணக்கு. இந்தச் சின்ன வயித்துல களி முதல்ல இறங்கிட்டா அதுக்கு இடமே இருக்காது. சாப்பிடறப்ப தண்ணியும் கூடாது, முடிச்சு அரைமணி கழிச்சுத்தான். டெப்போ கேன்டீன்ல டீயும் வடையும் சேர்த்து அடிக்கறதை விட்டதுதான் எனக்குக் களியைவிடப் பெரிய கஷ்டம்.

இனிப்பு விஷயம் வேற. ஆபரேஷனுக்கு அடுத்த வருஷம் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குக் குடும்பத்தோட போனோம். ஒரு டம்ளர் மாம்பழ ஜூஸ், சர்க்கரை போட்டது, மடமடன்னு குடிச்சேன். கால் மணி நேரத்துல உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, தலை சுத்தி, ஸ்டாலுக்குப் பின்னாடி தரையிலயே உக்காந்துட்டேன். டம்பிங்னு சொல்றாங்க. சர்க்கரை ஒரேயடியா குடல்ல இறங்கறதால வருது, பைபாஸ்காரங்களுக்கு அதிகம். ரெண்டு துண்டு மாம்பழம் மெதுவா மென்னு தின்னா எனக்கு ஒண்ணும் பண்றதில்ல.

சேலமா பெங்களூராங்கறதுக்கு கண்டக்டரா பதில் சொல்றேன்: உங்க ஊர்ல இருந்து ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், நூறு கிலோமீட்டர் சுமார். பெங்களூர்னா ஓசூர் தாண்டி நெரிசல்ல நேரம் போகும். ஆனா தூரத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஆபரேஷன் ஒரு நாள் காரியம். அதுக்கப்புறம் முதல் வருஷம் சில மாசத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம், ஆயுசுக்கும் ரத்தப் பரிசோதனை: விட்டமின் பி12, இரும்பு, விட்டமின் டி, கால்சியம். மாத்திரையும் ஆயுசுக்கும். அறுக்கற டாக்டருக்கு எவ்வளவு நல்ல பேருன்னு கேக்கறதோட, ராத்திரி பதினோரு மணிக்கு வாந்தி நிக்கலைன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும், எடுக்கறது யாருன்னும் கேளுங்க. நான் முதல்ல போன ஒரு இடத்துல இதுக்குப் பதில் சொல்லாம பேக்கேஜ் ரேட்டைக் குறைச்சாங்க. எழுந்து வந்துட்டேன்.

இன்னொண்ணு. உள்ளூர்ல எந்த டாக்டர்கிட்டப் போனாலும் பைபாஸ் ஆனவன்னு சொல்லணும். முட்டி வலிக்குச் சாதாரணமா எழுதற வலி மாத்திரைங்க பல, பைபாஸ் இணைப்புல புண்ணு உண்டாக்கும். நான் ஒரு அட்டையில எழுதி லேமினேட் பண்ணி டிக்கெட் பையில வெச்சிருக்கேன்.

134ல இருந்து 87 வரைக்கும் வந்தேன். இப்ப 93. கொஞ்சம் திரும்ப ஏறும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. சீட்டுக்கு நடுவுல நேரா நடக்கறேன்.

கொள்ளு ரசம்:

பாப்பா, நான் பெரியவன் சொல்றேன். கொள்ளு, சாமை, விடியல்ல நடை. எங்க காலத்துல அரூர்ல யாருக்கு இந்த ஆபரேஷன் இருந்துச்சு? எல்லாம் வியாபாரம். 2024ல புதுச்சேரிப் பையன் ஒருத்தன் சென்னைக்குப் போய் இதே ஆபரேஷன்ல செத்துப்போனான், பேப்பர்ல வந்துச்சே.

வார்டு அக்கா:

ஐயா சொன்ன அந்தச் சாவு உண்மை. 26 வயசுப் பையன். அரசாங்கம் விசாரிச்சு அந்த ஆஸ்பத்திரியோட பதிவையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க. அதனாலதான் ஐசியு இருக்கா, மயக்க மருந்து டாக்டர் யாருன்னு கேளுங்கன்னு நாங்களும் சொல்றோம். அனுபவப்பட்ட பெரிய இடங்கள்ல உயிராபத்து ஆயிரத்துல ஒருத்தர் அளவுக்குத்தான், பித்தப்பை ஆபரேஷனுக்குப் பக்கத்துல. கொள்ளும் நடையும் நல்லதுதான். ஆனா பிஎம்ஐ 45ல உடம்பே இறங்கின எடையைத் திரும்பப் பிடிக்கப் போராடும்: பசி கூடும், செலவாகற சக்தி குறையும். இந்தத் தங்கச்சிக்கு மனவுறுதி இல்லைன்னு யாரும் நினைக்க வேணாம்.

நான் தர்மபுரியில சர்ஜரி வார்டு நர்ஸ். ஸ்லீவ்ங்கறது வயித்துல முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துட்டு வாழைப்பழம் போல நீளமா ஒரு குழாயை மட்டும் விடறது. பசியைத் தூண்டற கிரெலின்ங்கற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கற பகுதியும் வெட்டினதோட போயிரும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. சராசரியா ஸ்லீவ்ல மொத்த எடையில கால் பங்கு, பைபாஸ்ல 30 சதவீதம் வரைக்கும் குறையும். சுகருக்குப் பைபாஸ் கொஞ்சம் மேல. சுகர் வந்து ரொம்ப வருஷமாகி இன்சுலினுக்குப் போறதுக்கு முன்னாடி பண்ணினா பலன் நல்லா இருக்கும்.

தங்கச்சி, ரெண்டாவது குழந்தை பத்தி எழுதியிருக்கீங்க, அதை யாரும் கவனிக்கல. எடை இறங்கினதும் பிசிஓடிக்காரங்களுக்கு முட்டை வெடிக்கறது சீக்கிரமே சீராகலாம், எதிர்பாராம கரு தங்கிடும். ஆனா முதல் ஒண்ணு, ஒன்றரை வருஷம் கர்ப்பம் ஆகக்கூடாது. உங்களுக்கே சத்து பத்தாத நேரம் அது. பைபாஸ்னா கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, காப்பர்-டி மாதிரி வேற வழி பாருங்க. மூணாம் மாசத்துல இருந்து முடி கொட்டும், பயப்படாதீங்க, திரும்ப முளைக்கும். வாந்தி நாள்கணக்குல நிக்கலைன்னா மட்டும் வீட்டுல வெச்சுக்காதீங்க. விட்டமின் பி1 குறைஞ்சு நரம்பு பாதிக்கும். டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரங்கள்ல காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம், இடது தோள்பட்டை வலி வந்தா கேஸ்னு சோடா குடிக்காம உடனே ஓடுங்க, தையல்ல கசிவா இருக்கலாம்.

செலவு: உங்க வீட்டு இன்சூரன்ஸை எடுத்துப் பாருங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்களைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ 2019ல வகுத்த விதிப்படி பிஎம்ஐ 40ஓ அதுக்கு மேலயோ இருந்தாலோ, 35ஓ அதுக்கு மேலயோ இருந்து கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் மாதிரி ஏதாவது இருந்தாலோ, மத்த முயற்சி பலிக்கலைன்னு டாக்டர் எழுதினா உடல்பருமன்னு சொல்லித் தள்ள முடியாது. பாலிசியோட காத்திருப்புக் காலம் முடிஞ்சிருக்கணும். பேலியோ சமயத்துல எடுத்த ரிப்போர்ட்டுங்களைத் தூக்கிப் போட்டுறாதீங்க.

ஓசூர் ஷிப்ட்:

இப்ப வாரத்துக்கு ஒரு ஊசி வந்திருக்கே, அது போட்டா அறுக்காமலே ஆகாதா?

வார்டு அக்கா:

தம்பி, அந்த ஊசி மருந்துங்க செமாக்ளூடைட், டிர்செபடைட் ரெண்டும் நல்லாவே வேலை செய்யுது. எடைக்கான விகோவி (செமாக்ளூடைட்), மவுன்ஜாரோ (டிர்செபடைட்) ரெண்டும் 2025ல இந்தியாவுக்கு வந்துச்சு. நிறுத்தினா? செமாக்ளூடைட்டை விட்ட ஒரு வருஷத்துல இறங்கின எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்ததா ஆய்வுல பார்த்திருக்காங்க. மாசா மாசம் வாங்க முடியுமான்னு கணக்குப் போட்டுட்டு ஆரம்பிக்கணும். குழந்தைக்கு முயற்சி பண்றப்ப அதையும் முன்னாடியே நிறுத்தணும்.

காவேரிப்பட்டணத்துப் பொண்ணு:

கண்டக்டர் அண்ணா, உங்க களிக் கதையை மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். எலுமிச்சங்கா அளவாவது உண்டுல்லன்னு கேட்டுட்டு, "அந்தத் தம்பி சம்சாரம் பாவம்"னாங்க. அவங்களும் டாக்டரைப் பாக்க வர்றாங்களாம். எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு அண்ணா, படுத்தா புளிச்சு மேல வரும். வியாழக்கிழமை சேலம் போறோம். அக்கா சொன்னதெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

தொப்பூர் கண்டக்டர்:

அப்ப எண்டோஸ்கோபி, அதான் வாய் வழியா கேமரா குழாய் விட்டு வயித்தைப் பாக்கறது, கண்டிப்பா பார்ப்பாங்க, வெறும் வயித்துல வரச்சொல்வாங்க. எப்ப இருந்து சாப்பிடக்கூடாது, சுகர் மாத்திரை போடலாமான்னு புதன்கிழமையே போன் பண்ணிக் கேட்டுக்குங்க. காலையில சீக்கிரம் கிளம்புங்க, தர்மபுரியில மாறினா சேலத்துக்கு வண்டி அடுத்தடுத்து இருக்கும். மாமியாருக்கு மட்டும் கையில ஏதாவது கட்டிக்குங்க, உங்க டெஸ்ட் முடியற வரைக்கும் அவங்க ஏன் பட்டினி கிடக்கணும்?