வீட்டு முகப்புக்கு லைட் சோடனை: வருசா வருசம் ஆணி அடிக்காம பூட்டிக் கழட்ட என்ன வழி?

கல்லடி வீடு

கல்லடியில கடற்கரைப் பக்கம், மேல்மாடி இல்லாத வீடு. முன்பக்கம் ஓடு, 32 அடி நீளம். ஓட்டு விளிம்புக்குக் கீழ மர வலன்ஸ் பலகை இருக்கு, அதில மழைத்தண்ணி ஓடுற பீலியும் பூட்டிக் கிடக்கு. தரையில இருந்து 10 அடி உயரம். நத்தாருக்கு ஒரு கிழமை முன்னம் போட்டு, பொங்கல் முடியக் கழட்டுறது. இப்ப பாவிக்கிறது ஆணியும் கட்டுக்கம்பியும்தான். பலகை முழுக்க ஓட்டை, அதுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி உளுக்கத் தொடங்கிற்று.

ஒருக்கா நிரந்தரமா எதையாவது பூட்டி வைச்சா, பிறகு லைட்டை மட்டும் ஏத்தி இறக்கலாமா? ஒட்டுற ஹூக், ரெண்டு பக்கமும் பசை இருக்கிற டபுள் ரேப் சரிவருமா? மார்கழி மழைக்கும் உப்புக்காத்துக்கும் தாக்குப்பிடிக்க வேணும்.

தச்சுப்பட்டறை

ஒட்டுற சாமான் வேணாம். ஈரப்பலகையில பசை பிடிக்காது, பிடிச்சாலும் கழட்டேக்க பெயின்ரையும் உரிச்சுக்கொண்டு வரும்.

உங்கட வீட்டுக்குப் பைப் முறைதான் பொருத்தம். லைட் சரத்தைப் பலகையில கட்டாம, 20 மில்லிமீற்றர் வெள்ளைக் கொன்டியூட் பைப்பில (வயரிங்குக்குப் பாவிக்கிற பிவிசி பைப்) ஒருக்காக் கட்டி விடுங்க. பலகையில இருக்கப்போறது கிளிப் மட்டும். அதே பைப்புக்கு விக்கிற, முன்னுக்கு வாய் திறந்த பிளாஸ்ரிக் கிளிப்தான். அமத்தினா 'டக்' எண்டு உள்ள போகும், இழுத்தா வெளிய வரும்.

கணக்கு இதுதான்: ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி விட்டா 30 அடி, அதாவது 10 அடிப் பைப் மூண்டு. ஒரு பைப்புக்கு 4 கிளிப்: நுனியில இருந்து 6 அங்குலத்தில ஒண்டு, பிறகு 3 அடிக்கொண்டு. மொத்தம் 12, உடைஞ்சா மாத்த இன்னும் 4 எடுத்து வைங்க. 4 அடிக்கு மேல இடைவெளி விட்டா வெயிலுக்குப் பைப் தொய்யும். பைப்புக்குப் பைப் கால் அங்குலம் இடைவெளி வேணும். பிவிசி சூட்டுக்கு நீளும், முட்டிக்கொண்டு நிண்டா நடுவில வளைஞ்சு கிளிப்பை விட்டுக் கழண்டு போகும்.

கிளிப்புகளைப் பலகையின்ட கீழ் விளிம்பில, பீலிக்குக் கீழ, நூல் பிடிச்சு ஒரே மட்டத்தில பூட்டுங்க. ஸ்குறூ ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்தான் வேணும். நாகம் பூசினது கல்லடிக் காத்துக்கு அழுதுவடிஞ்சு பலகையில கறை இறக்கும். 304 ரகமும் கடற்கரையில கொஞ்சம் பழுப்பேறும், 316 கிடைச்சா அதை எடுங்க. 4 மில்லிமீற்றர் ஸ்குறூவுக்கு முதல்ல 2.5 மில்லிமீற்றர் ட்ரில் போடுங்க, இல்லாட்டிப் பலகை பிளக்கும். பழைய ஆணி ஓட்டைகளை அதுக்கு முன்னமே பட்டி வைச்சு அடைச்சு, பெயின்ரும் அடிச்சு விடுங்க. உளுத்த இடத்தில ஸ்குறூ பிடிக்காது, அந்தத் துண்டை மாத்தத்தான் வேணும்.

லைட்டைக் கட்டேக்கதான் கவனம். வயர் பைப்பின்ட முன்பக்கமா, கிளிப்பின்ட வாய் இருக்கிற பக்கமா ஓட வேணும். கீழால ஓடினா கிளிப்பின்ட கை வயரைக் கடிச்சு, நாள்போக்கில உறையைக் கிழிக்கும். கிளிப் வாற இடத்தை மார்க்கரால கீறி, ரெண்டு பக்கமும் 2 அங்குலத்துக்குக் கட்டுப் போடாதீங்க. மற்ற இடத்தில 8 அங்குலத்துக்கொரு கேபிள் டை. கறுப்பு நிறத்தில, வெயிலுக்குத் தாங்கும் எண்டு போட்டு விக்கிறதை எடுங்க. வெள்ளை டை வெயில் பட்டுப் பட்டு நொறுங்கிப் போகும். இறுக்கி நெரிக்கவும் வேணாம், வயர் கையால அசையிற அளவு போதும்.

100 பல்ப் சரம் அனேகமா 10 மீற்றர், கிட்டத்தட்ட 33 அடி. மூண்டு பைப்புக்கும் ஒரே சரம் காணும். பைப் சந்திக்கிற இடத்தில 8 அங்குலம் தளர்வா விட்டீங்கெண்டா, கழட்டினதும் மூண்டையும் ஒண்டோட ஒண்டு மடிச்சு அப்பிடியே கட்டி வைக்கலாம். சிக்கெடுக்கிற வேலையே இல்லை. பைப் நுனியில இடம், நடு, வலம் எண்டு எழுதி வைங்க.

மட்டு வயர்மேன்

பைப் யோசனை நல்லது. ஆனா கரண்ட் பக்கத்தை ஒருத்தரும் கதைக்கேல்ல.

கடையில கிடைக்கிற மலிவுச் சரத்தில நேரே பிளக் இருக்கும், நடுவில ஒரு சின்னக் கொன்ரோல் பெட்டி. அது வோல்ற்றைக் குறைக்கிறதில்லை. அந்த மெல்லிய வயரில ஓடுறது 230 வோல்ற்தான், எங்க உறை கிழிஞ்சாலும் ஆளை அடிக்கும். கட்டுக்கம்பியால கட்டவே கூடாது, அது ஒவ்வொரு காத்துக்கும் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். பிளக்கோட அடப்டர் வாற 24 அல்லது 31 வோல்ற் சரம் கொஞ்சம் விலை கூட. எண்டாலும் வாடைக்காத்து மழைக்குள்ள நிக்கப்போற வீட்டுக்கு அதைத்தான் சொல்லுவன். தண்ணி தெறிச்சாலும் தாங்கும் எண்டதுக்கு அடையாளமா ஐபி 44 எண்டு போட்டிருக்கோ எண்டும் பாருங்க. அந்த இலக்கம் சரத்துக்கு மட்டும் எண்டால், அடப்டரை வீட்டுக்குள்ள வைக்க வேணும்.

ரெண்டு பின் பிளக்கை 13 அம்பியர் சொக்கெற்றில ஏத்த, மேல் ஓட்டைக்குள்ள பேனையைக் குத்துறதை விடுங்க. பின் இறுக்கமா நிக்காம சூடேறி உருகும். சரியான மாத்துப் பிளக் ஒண்டு வாங்குங்க. 13 அம்பியர் பிளக்கெண்டா உள்ள 3 அம்பியர் பியூஸ் போடுங்க, லைட்டுக்கு அது தாராளம். எல்ஈடி சரம் பத்துப் போட்டாலும் ஏறக்குறைய 50 வோட்தான், ராவில 6 மணித்தியாலம் எரிஞ்சாக் கால் யூனிற்றுக்குக் கொஞ்சம் மேல.

வெளியில இருந்து சுவர் ஓட்டைக்குள்ள வயர் நுழையிற இடத்தில, ஓட்டையை விட ஒரு சாண் கீழ தொங்க விட்டு மேல ஏத்துங்க. தண்ணி வளைவில சொட்டிப் போகும், உள்ள வராது. இணைப்பைச் சொப்பிங் பாக்கால சுத்திக் கட்டுறதும் பிழை, உள்ள போன ஈரம் வெளிய வராது. கூரைக்குக் கீழ, வாய் கீழ பாக்க வைச்சாப் போதும்.

கல்முனைக்குடி

எங்கட வீடு மேல்மாடி, முன்னுக்கு அஸ்பெஸ்டஸ் சீற். வலன்ஸ் பலகையும் இல்லை. சீற்றில ஓட்டை போட்டுக் கிளிப் பூட்டலாமா அண்ணே? உயரம் 20 அடி, ஒவ்வொரு முறையும் ஏணி வைக்கவும் பயமாக் கிடக்கு.

தச்சுப்பட்டறை

சீற்றைத் தொடாதீங்க தம்பி. ட்ரில் போட்டா வாற தூசு நுரையீரலுக்குக் கூடாது. விளிம்பு வெடிச்சா மழையும் உள்ளதான்.

உங்களுக்குக் கப்பி முறை. ரெண்டு பக்கக் கொங்கிறீற் தூணிலயும் 8 மில்லிமீற்றர் வளையப் போல்ற் ஒவ்வொண்டு இறக்கி, அதில சின்னக் கப்பி மாட்டுங்க. சுவரில இருந்து 6 அங்குலம் வெளிய நிக்க வேணும், இல்லாட்டிக் காத்துக்கு லைட் சுவரில மோதும். கப்பியும் 6 மில்லிமீற்றர் நைலோன் கயிறும் மீன்பிடிச் சாமான் கடையில எடுங்க, கடலுக்கெண்டு செய்தது உப்புக்குத் தாங்கும். முகப்பு 32 அடியெண்டா, லைட்டைக் கீழ இறக்கேக்கயும் முனை கையில நிக்க ரெண்டு பக்கமும் 40 அடிப்படி 112 அடி, கட்ட எடுக்கிறதோட 120 அடி. நடுத்துண்டில லைட்டைக் கட்டி, ரெண்டு முனையையும் கீழ நிண்டு இழுத்துக் கொழுவியில சுத்தினா முடிஞ்சிது. பாரம் கயிற்றில இருக்க வேணும், லைட் வயரில இல்லை. நேர்கோடா நிக்க வேணும் எண்டு இழுக்காதீங்க, நடுவில ஒரு அடி தொய்வு இருக்கட்டும். இறுக்க இறுக்கப் போல்ற்றில வாற இழுவை பல மடங்காகும். ஏணி ஒருக்காத்தான், அதுவும் கரண்ட் தூணில இருந்து வீட்டுக்கு வாற வயர்ப் பக்கம் அலுமினிய ஏணி வேணாம். மணல் வளவெண்டா ஏணிக்காலுக்குக் கீழ பலகை வைங்க, மழையில ஒரு கால் மட்டும் புதையும்.

கல்லடி வீடு

நன்றி அண்ணன்மார். பைப் முறையே செய்யப் போறன். இன்னொண்டு: மழை பிடிச்சா, கரண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டுற ட்ரிப் சுவிச் விழுந்து வீடு முழுக்க இருட்டாகுது. லைட்டாலதானா எண்டு எப்பிடிப் பாக்கிறது?

மட்டு வயர்மேன்

எல்லாச் சரத்தையும் பிளக்கில இருந்து கழட்டிப் போட்டு ட்ரிப்பை ஏத்துங்க. நிண்டா ஒவ்வொண்டாப் போடுங்க, விழுத்திறது எதுவோ அதுதான். கழட்டியும் நிக்காட்டி வீட்டு வயரிங்கில கோளாறு, அதுக்கு ஆளைக் கூப்பிடுங்க. ட்ரிப்பைக் கழட்டிப் போட்டு நேரே இணைக்கிற வேலை மட்டும் வேணாம்.

ஒண்டோட ஒண்டு கொழுவுற சரமெண்டா முதல்ல கடைசி நுனியைப் பாருங்க. அங்க ஒரு சின்ன மூடி இருக்க வேணும். அது விழுந்து போனா உள்ள இருக்கிற பின்னில கரண்ட் நிக்கும், மழைத்துளி பட்டதும் கசியும். மூடி இல்லாத சரத்தை வெளிய போடாதீங்க. பிறகு இணைப்புகளைத் திறந்து பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கோ பாருங்க. பிடிச்சிருந்தாச் சுரண்டிப் பாவிக்கிறதை விட அந்தச் சரத்தை மாத்திறது நல்லம்.

பொங்கல் முடியக் கழட்டினதும் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால சரத்தைத் துடைச்சு, நிழலில ரெண்டு நாள் காய விட்டு மடிச்சு வைங்க. அட்டாளையில சும்மா போட்டா அணில் வயரைக் கொறிக்கும். பைப்போட நீளமாக் கிடக்கிறதால, ரெண்டு பக்கமும் வலை கட்டின 4 அங்குலப் பைப்புக்குள்ள தள்ளி வைக்கலாம்.