பனங்காய் வண்டில் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. போன கிழமை, பிரட்றிக் கோட்டைக்குள் மேய்ந்த மான்களைக் காட்டி, "இவை இரவில் என்ன கதைக்கும், அப்பா?" என்று மகள் கேட்டாள். 42 வயதான எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. சிரட்டையைக் கப்பலாக்கி, இதே திருகோணமலைக் கடலில் உலகம் சுற்றிய பையன் எங்கே போனான்? அவன் எனக்குத் திரும்ப வேண்டும்.

வண்டிலில் தொடங்கியிருக்கிறேன். தடியின் இரு முனைகளிலும் பனங்காயைக் குத்தி, கவர்த்தடியால் தள்ளினால் பத்தடிக்குள் கழன்று விழுகிறது. காய் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? எந்த மரத்தின் தடி நல்லது? அனுபவமுள்ள பெரியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஞாயிறு மாலை உப்புவெளிக் கடற்கரையில் கிளித்தட்டு விளையாடவும் ஆட்கள் தேவை. வயது தடையில்லை.