இம்பிளாண்ட் பல்லில் கடிக்கிற லோடு எலும்புக்கு எப்படி இறங்குது? (கீழ்க் கடைவாய், பெங்களூரு)

பீன்யா_டர்னிங்:
அப்பாவுக்கு 64 வயசு. இடது கீழ்த்தாடையில முதல் பெரிய கடைவாய்ப்பல் இடத்துல டைட்டானியம் இம்பிளாண்ட் (எலும்புல முறுக்கி இறக்குற செயற்கை வேர்) வெச்சிருக்கு. விட்டம் 4.2 மி.மீ., நீளம் 10 மி.மீ. முறுக்கி இறக்கும்போது 35 நியூட்டன் செ.மீ. டார்க் (திருப்புவிசை) வந்ததா கார்டுல எழுதியிருக்காங்க. கிரௌன் (அதுமேல மாட்டுற பல்) மூணு மாசம் கழிச்சுத்தானாம்.

நான் லேத் வேலை பார்க்கிறவன், என்னோடது மெக்கானிக்கல் கேள்வி. நிஜப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு ஜவ்வு இருக்கு, இதுக்கு அது கிடையாது. அப்போ லோடு நேரா எலும்புலதான் இறங்கணும். பத்து மி.மீ. நீளத்துக்கும் சமமாப் பிரியுமா, இல்ல நட்டு போல்ட் மாதிரி முதல் ரெண்டு மூணு த்ரெட்டே எல்லாத்தையும் வாங்கிக்குமா? 35 டார்க்குல நிக்குதுன்னா ஏற்கெனவே டைட்டுதானே, அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்? மேல் பல் நிஜப் பல். கோடுபளே, நிப்பட்டு மாதிரி கெட்டி நொறுக்குத்தீனி இல்லாம அவருக்குச் சாயங்காலக் காபி இறங்காது.

புரோஸ்தோ_ஜேபிநகர்:
உங்கள் போல்ட் ஊகம் பெரும்பாலும் சரி. கழுத்துப் பகுதிதான் (எலும்பு விளிம்பை ஒட்டிய மேல்பகுதி) அதிகம் வாங்குகிறது.

டைட்டானியத்தின் மீள்தன்மைக் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 110 கிகா பாஸ்கல். தாடையின் வெளிப்பக்கக் கெட்டி எலும்புக்கு 10 முதல் 20. உள்ளே இருக்கும் பஞ்சு எலும்புக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ. விறைப்பான கம்பி, மேலே ஒன்றிரண்டு மி.மீ. தடிமனுள்ள கெட்டி வளையம், அதன் கீழே மெத்தென்ற எலும்பு. வளையம்தான் அதிகம் எதிர்த்து நிற்கும், அழுத்தமும் அங்கேதான் குவியும். நேர்கீழாக வரும் விசையில் ஒரு பங்காவது த்ரெட்டுகள் வழியாகவும் அடிமுனை வழியாகவும் பிரிந்து இறங்கும். சாய்வாக வரும் விசை ஏறக்குறைய முழுவதும் கழுத்தில்தான் விழும்.

நீங்கள் லேத்துக்காரர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். மெல்லும்போது 150 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம் (இறுகக் கடித்தால் கடைவாயில் 500-க்கு மேலேயும் போகும்). அது 20 டிகிரி சாய்வாக வந்தால் பக்கவாட்டுப் பங்கு 51 நியூட்டன். கடிக்கும் பரப்பு எலும்பு விளிம்பிலிருந்து 10 மி.மீ. உயரம் என்றால் வளைக்கும் திருப்புவிசை 51 நியூட்டன் செ.மீ. எலும்பு தேய்ந்து அதே உயரம் 15 மி.மீ. ஆகிவிட்டால் 77. கடிப்பவர் அதே ஆள், கடிப்பதும் அதே நிப்பட்டு.

அதனால்தான் நீளத்தைவிட விட்டம் முக்கியம் என்கிறோம். திடமான தண்டில் வளைவுத் தாங்குதிறன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். 3.5-க்குப் பதில் 4.2 போட்டால் சுமார் 1.7 மடங்கு. உள்ளே ஸ்க்ரூ துளை இருப்பதால் இந்த எண் அப்படியே வராது, ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரியும். த்ரெட் வடிவமும் சும்மா இல்லை. எலும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைக் கொஞ்சம் குறைவாக, வெட்டு விசையை மிகக் குறைவாக. கடிவிசையை அமுக்கமாக மாற்றித் தரும்படிதான் சதுர த்ரெட்டும் பட்ரஸ் த்ரெட்டும் வந்தன.

ஜவ்வு விஷயம். சுமார் 0.2 மி.மீ. தடிமன்தான், ஆனால் அதன் நார்களில்தான் பல் தொங்குகிறது. பல்லைக் கீழே அழுத்தினால் எலும்புக்கு இழுப்பாகப் போய்ச் சேரும். பல் 25 முதல் 100 மைக்ரான் வரை இறங்கும், இம்பிளாண்ட் 3 முதல் 5 மைக்ரான்தான். ஜவ்வில் இருக்கும் உணர்வு நரம்புகளும் கூடவே போய்விட்டன. ‘ஏதோ கல் மாட்டிடுச்சு’ என்று நிஜப் பல் கடியை நிறுத்துவதுபோல் இது சட்டென்று நிறுத்தாது.

இனி அந்த 35. அது முதல் நாள் பிடி, வெறும் மர ஸ்க்ரூ பிடி. சுற்றியுள்ள நசுங்கிய எலும்பை உடல் முதலில் கரைக்கும், பிறகுதான் புது எலும்பு டைட்டானியத்தின்மேல் நேராக ஒட்டி வளரும். மூன்றாவது நான்காவது வாரத்தில் பிடி முதல் நாளைவிடக் குறையும். அந்த நேரத்தில் 150 மைக்ரானுக்கு மேல் ஆடினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு சூழ்ந்துவிடும், அதற்குப் பிறகு எத்தனை மாதம் காத்தாலும் ஒட்டாது. 1965-இல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்திய ஸ்வீடனின் பிரோனெமார்க் வகுத்த பழைய முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம். இப்போது முன்பல்லில் அதே நாள் தற்காலிகப் பல் வைப்பதுண்டு, அதையும் எதிர்ப்பல் தொடாதபடி தேய்த்துத்தான் வைப்போம். தனிக் கடைவாய்ப்பல்லில் அந்த அவசரம் தேவையில்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரி.

லேப்_பெஞ்ச்_சிவாஜிநகர்:
கணக்கை டாக்டர் போட்டுட்டார், கிரௌன் பக்கம் நான் சொல்றேன். நிஜக் கடைவாய்ப்பல் அகலத்துக்கே கிரௌன் பண்ணுங்கன்னு கேக்கிறவங்கதான் ஜாஸ்தி. கண்ணாடியில பார்க்க அழகா இருக்கும், ஆனா கன்னத்துப் பக்கம் நீண்டு நிக்கிற ஒவ்வொரு மி.மீ.யும் நெம்புகோல். நடு அச்சுலேருந்து 3 மி.மீ. தள்ளி 150 நியூட்டன் நேரா இறங்கினாலே 45 நியூட்டன் செ.மீ. திருப்பு. அதனால கடிக்கிற பரப்பைக் கன்னம், நாக்கு ரெண்டு பக்கத்துலயும் குறுக்கிடுவோம். முகடுகளைத் தாழ்த்தி, நடுக்குழியில ஒரு மி.மீ.க்கு மேல சமதளம் விட்டு, எதிர்ப்பல் முகடு அங்கேயே வந்து உட்கார்ற மாதிரி செதுக்குவோம்.

இன்னொரு தொல்லை முன்பின் இடம். அந்த இடைவெளி 11 மி.மீ. சுமார் இருக்கும், இம்பிளாண்ட் அதோட நடுவுல இருக்கணும். டிரில் முன்பக்கம் ரெண்டு மி.மீ. நகர்ந்துட்டா பின்பாதி கிரௌன் அந்தரத்துல நிக்கும். வருஷத்துக்கு ரெண்டு தரம் ஸ்க்ரூ லூஸாகி வர்ற கேஸ்களோட மாடலைப் பார்த்தா நிறையவே இப்படித்தான் இருக்கும்.

சிர்க்கோனியா (கெட்டிப் பீங்கான்) கெட்டி, எலும்பை இடிக்கும், அக்ரிலிக் மெத்துன்னு லோடை உறிஞ்சும்னு ஒரு பேச்சு ஓடுது. மெதுவா மெல்ற லோடுல எலும்புக்குப் போற மொத்த விசையில அதனால பெரிய வித்தியாசம் வராது. அக்ரிலிக் தேஞ்சுபோய், மேல் பல் இறங்கி வந்து, கடியே மாறிடும். சிர்க்கோனியாவே போடுங்க. ஆனா தேய்ச்ச இடத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணலைன்னா மேல் பல்லோட எனாமலை அரிச்சிடும்.

ஈறுப்_பக்கம்:
மேலே உள்ளதில் எனக்கு மறுப்பு இல்லை, ஒரு எச்சரிக்கை மட்டும். எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருந்தால் உடனே லோடுமேல் பழி போடாதீர்கள். பல சமயம் காரணம் அழுக்குப் படலமும் ஈறுக்குக் கீழே தங்கிய, கிரௌனை ஒட்டிய சிமெண்டும்தான். விலங்குச் சோதனைகளில் ஈறு சுத்தமாக இருந்தபோது கூடுதல் விசை பெரும்பாலும் எலும்பை அழிக்கவில்லை, சிலவற்றில் அடர்த்தியே ஏறியது. வீக்கம் இருக்கும் இடத்தில் விசையும் சேர்ந்தால் கதை வேறு.

அதிக லோடு முதலில் காட்டிக்கொடுப்பது உலோகத்திலும் பீங்கானிலும்: ஸ்க்ரூ தளரும், கிரௌன் ஓரம் சிதறும். முதல் வருடத்தில் கழுத்து எலும்பு கொஞ்சம் இறங்குவது வழக்கம். அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது 1986-இல் ஆல்பிரெக்ட்சன் குழு வகுத்த அளவுகோல், இன்றும் பேச்சில் இருக்கிறது.

பீன்யா_டர்னிங்:
ரொம்ப நன்றி, இப்போ புரியுது. ரெண்டு விஷயம் மட்டும். கிரௌன் மாட்டுற அன்னிக்கு நான் கூட இருப்பேன், என்ன பார்க்கணும்? அப்புறம், அப்பா தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பார்.

புரோஸ்தோ_ஜேபிநகர்:
நறநறவை இங்கே சொன்னது போதாது, டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். கிரௌன் வடிவமே அதைப் பொறுத்து மாறும்.

அன்றைக்கு 8 மைக்ரான் உலோகத் தாளைக் கடிக்க வைப்பார். மெதுவாகக் கடிக்கும்போது பக்கத்துப் பற்கள் தாளைப் பிடிக்க வேண்டும், இம்பிளாண்ட் கிரௌனில் அது வழுக்கி வெளியே வர வேண்டும். இறுகக் கடிக்கும்போதுதான் கிரௌனும் பிடிக்கலாம். நிஜப் பற்கள் ஜவ்வில் இறங்க இடம் கொடுக்கும் வித்தை இது. தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கிரௌனில் மைத்தாளின் கோடே விழக் கூடாது.

ஸ்க்ரூவை டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 30 முதல் 35 நியூட்டன் செ.மீ.க்கு, இறுக்குவார். கார்டில் உள்ள 35 எலும்பில் இறங்கிய டார்க், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு பத்து நிமிடம் கழித்து அதே அளவுக்கு மறுபடியும் இறுக்கச் சொல்லுங்கள். பரப்புகள் படிந்து உட்காரும்போது ஸ்க்ரூவின் முன்னிழுவை (இறுக்கியதால் அதில் ஏறிய இழுவிசை) கொஞ்சம் குறைந்திருக்கும். கையாலேயே முறுக்கிவிட்டுத் துளையை மூடினால் நின்று கேளுங்கள். அன்றே ஒரு எக்ஸ்ரே, ஆறாவது மாதத்தில் அதே கோணத்தில் இன்னொன்று. கோணம் மாறினால் ஒப்பிட முடியாது.

பல் கடிப்பவருக்கு இரவில் மேல்பற்களில் கெட்டி அக்ரிலிக் கார்டு (பற்களைக் காக்கும் உறை), 2 மி.மீ. தடிமன் சுமார். மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் கார்டு வேண்டாம், சிலர் அதை இன்னும் அதிகமாக மெல்லத் தொடங்கிவிடுவார்கள். கோடுபளேயைக் கையால் உடைத்து வாயில் போடட்டும். கிரௌன் லேசாகச் சுழல்வதுபோல் இருந்தால் அந்தப் பக்கம் கடிப்பதை நிறுத்திவிட்டு அன்றே போய்விடுங்கள். தளர்ந்த ஸ்க்ரூவோடு இரண்டு வாரம் மென்றால் அது உள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்ளும், துண்டை எடுக்கும்போது இம்பிளாண்டின் உள் த்ரெட்டும் கெட்டுப்போகலாம்.