கண்ணில் உத்திரம் இருப்பவர் கமிட்டியில் உட்காரலாமா?

காரைக்குடிக்காரன்:
பக்கத்து ஊர் சபையில் நடந்த விஷயம். பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் பையனை டாஸ்மாக் வாசலில் யாரோ பார்த்துவிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிய கையோடு கமிட்டி கூடியது. ஈஸ்டர் வரை அவன் வாசிக்கக் கூடாது, சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தும் கிடையாது என்று முடிவு. அந்த முடிவுக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர், போன வருஷம் மகன் கல்யாணத்துக்கு நகையும் காரும் கேட்டு வாங்கியவர். இது ஊருக்கே தெரியும். 'முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு' என்று இயேசு சொன்னது மத்தேயு 7:5. இவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது?

கோட்டையூர் வாத்தியார்:
வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் தம்பி. 'பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்' என்று அது முடிகிறது. ஆக, துரும்பையும் எடுக்கத்தான் வேண்டும். தன்னிடம் குறையே இல்லாதவன்தான் பேசலாம் என்றால் எந்த சபையிலும் எவனும் வாய் திறக்க முடியாது. குடிக்கிற பையன் குடித்துக்கொண்டே கிட்டார் வாசிப்பான், நாமும் கைதட்டிக்கொண்டு இருப்போம். சரியா?

பள்ளத்தூர் அக்கா:
சார், 'பின்பு' என்பதற்கு முன்னால் 'முன்பு' என்று ஒன்று இருக்கிறதே, அது நடந்ததா?

பையன் டாஸ்மாக் போனதை யாரோ ஒருவர்தான் பார்த்தார். வரதட்சணையை மண்டபமே பார்த்தது. 1961-லேயே அதைத் தடுத்துச் சட்டம் வந்துவிட்டது, வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ஆனால் நம் வீடுகளில் சீர்வரிசைத் தட்டின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணுகிறோம்! பித்தளை அண்டா, எவர்சில்வர் குடம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, போட்டோ எடுத்து, ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கிறோம். பெண்ணைப் பெற்றவர் மூலையில் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பார். அவரை யார் கூப்பிட்டு ஜெபித்தார்கள்?

திருவிருந்தை நிறுத்தினார்கள் என்கிறீர்கள். 'எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து' என்று கொரிந்து சபைக்கான நிருபத்தில், 1 கொரிந்தியர் 11:28-ல், அப்போஸ்தலன் பவுல் எழுதியது எந்தச் சண்டையில்? சபையாய்க் கூடிய இடத்தில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்றுதான் அவர் கேட்கிறார். பெண் வீட்டாரை வெட்கப்படுத்தியவர் பந்தியில் இருக்கிறார், பையன் வெளியே நிற்கிறான்.

கோட்டையூர் வாத்தியார்:
வரதட்சணை தப்பு என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒருவர் செய்த தப்பு இன்னொருவனுக்கு லைசென்ஸ் ஆகிவிடுமா? அதே பவுல்தான் அதே நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் சபைக்குள்ளே இருக்கிறவர்களைத் தீர்ப்புச் செய்யச் சொல்கிறார். குடிவெறியன் அந்தப் பட்டியலில் இருக்கிறான்.

பள்ளத்தூர் அக்கா:
பொருளாசைக்காரனும் இருக்கிறான் சார். குடிவெறியனுக்கு முன்னாலேயே.

தேவகோட்டை கத்தோலிக்கன்:
நான் வேறு திருச்சபைக்காரன், ஆனாலும் வாத்தியார் பக்கம்தான் நிற்கிறேன். ஓரியூர் எங்களுக்குப் பஸ்ஸில் போகிற தூரம். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி போர்ச்சுக்கல் நாட்டுக் குருவான அருளானந்தர் அங்கே வெட்டுப்பட்டார். எதற்காக? பல மனைவிகள் இருந்த மறவர் தலைவர் தடியத்தேவரிடம், ஞானஸ்நானம் வேண்டுமானால் ஒரு மனைவியோடு வாழ வேண்டும் என்று சொன்னதால். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதியின் உறவுக்காரி. வம்பு அங்கிருந்துதான் வந்தது. 'நாமும் பாவிதானே, அடுத்தவன் குடும்ப விஷயம் நமக்கு எதற்கு' என்று அவர் ஒதுங்கியிருக்கலாமே?

பூசையில் மார்பில் தட்டிக்கொண்டு 'என் பாவமே, என் பாவமே' என்கிறோம். அதற்கு முன்னால் வருகிற வரி எது? 'கடமையில் தவறியதாலும்.' சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதும் அதில் அடக்கம்.

காரைக்குடிக்காரன்:
நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கே எதிராக நிற்கிறது. தடியத்தேவர் தாமாகவே ஞானஸ்நானம் கேட்டார். கேட்டவருக்குத்தான் அருளானந்தர் சொன்னார். அதுவும் அதிகாரம் உள்ளவரிடம் சொன்னார், தலையைக் கொடுத்தார். இங்கே கமிட்டி யாரிடம் சொல்கிறது? கிட்டார்கூட சபையுடையது, பையனுடையது இல்லை. அவனிடம் கண்டிப்பாக இருப்பதில் எந்தச் செலவும் கிடையாது.

மரக்கடைத் தம்பி:
நான் பழைய வீடு பிரித்து மரம் விற்கிற ஆள். பெரிய வசனம் தெரியாது, உத்திரம் தெரியும். பர்மா தேக்கு உத்திரம் ஒன்றை இறக்க வேண்டுமென்றால் சாரம் கட்டி, செயின் பிளாக் மாட்டி, ஏழெட்டுப் பேர் நிற்க வேண்டும். மேலே நிற்பவனுக்கு எந்த முனை சாய்கிறது என்று தெரியாது. கீழே நிற்பவன்தான் கத்த வேண்டும். தனியாளாக இறக்கினவனை நான் பார்த்ததில்லை.

தாவீது ராஜாவையே பாருங்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் கொன்றுவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின பணக்காரன் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும், அவன் சாக வேண்டும் என்று கோபத்தோடு தீர்ப்புச் சொன்னார். 'நீயே அந்த மனுஷன்' என்ற பிறகுதான் உறைத்தது. அடுத்தவன் தப்பு என்றால் ராஜாவுக்கே சட்டென்று கண் தெரிகிறது! அதனால் அந்தப் பெரியவர் தானாகச் சோதித்தறியட்டும் என்று காத்திருப்பது வீண் வேலை. யாராவது போய்ச் சொல்ல வேண்டும். காரைக்குடி அண்ணே, நீங்கள் அவரிடம் சொன்னீர்களா, எங்களிடம் மட்டும்தானா?

கோட்டையூர் வாத்தியார்:
இது கேள்வி. மத்தேயு 18:15 அப்படித்தான் சொல்கிறது. முதலில் தனியே, கேட்காவிட்டால் இரண்டொருவரோடு, அதற்கும் பிறகுதான் சபை. பையன் விஷயத்தில் கமிட்டி மூன்றாவது படியில் ஆரம்பித்திருந்தால் அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். முடிவே தப்பு என்று இன்னும் நான் சொல்லவில்லை.

காரைக்குடிக்காரன்:
யாரும் அவனைத் தனியே பார்க்கவில்லை. நோட்டீஸ் போர்டில்தான் அவனுக்கே தெரிந்தது.

அந்தப் பெரியவரிடம் நான் போகிறேன். ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்பார். கத்த மாட்டேன், காரைப் பற்றி மட்டும் கேட்பேன்.

பள்ளத்தூர் அக்கா:
நகையையும் சேர்த்துக் கேளுங்கள். பைபிளில் வரி வசூலித்த சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான், இவர் ஒரு பங்கைக் கொடுத்தாலே போதும். அப்புறம், போகிற வழியில் முதலில் அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள்.