கேரவனாக்கிய பேருந்தில் ஏர் நிற்கவில்லை: கம்ப்ரசரை மாற்றும் முன் எதைப் பார்ப்பது?

பெருந்துறை தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் வெளியூர் செல்வதற்காக ஒரு பழைய பேருந்தை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, கழிவறை, சிறிய ஜெனரேட்டர் ஆகியவற்றுடன் கேரவனாக மாற்றி மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். வண்டியின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது; இன்ஜினோடு ஓடும் கம்ப்ரசர் அந்தக் காற்றை டேங்குகளில் நிரப்பும். மாற்றிக் கட்டும்போது பின்பக்கத்தில் காற்றுப் பலூன் சஸ்பென்ஷனும், ஏர் கதவும், ஏர் ஹார்னும் சேர்த்தார்கள். பெரும்பாலும் வண்டி எங்கள் தோட்டத்துச் சாளையில்தான் நிற்கும். மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வெளியே எடுப்போம்.

சென்ற மாதம் பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறி ஆசனூர் சென்று திரும்பினோம். இறங்கும்போது, மொத்தம் உள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்திருப்போம், டேங்குகளின் காற்றழுத்தத்தைக் காட்டும் இருமுள் ஏர் மீட்டரின் சிவப்பு முள் 5 பாருக்கும் (பார் என்பது அழுத்த அளவு) கீழே வந்து பஸ்ஸர் அடிக்கத் தொடங்கியது. வண்டியில் அப்புச்சியும் அம்மாயியும் குழந்தைகளும் இருந்தார்கள். ஓட்டுநர் மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை உறுமவிட்டு, 7 பார் ஏறிய பிறகே வண்டியை நகர்த்தினார். அந்த இருபது நிமிடங்களை நான் எளிதில் மறக்க மாட்டேன். “காற்று முழுதாக இறங்கினாலும் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம்” என்று ஓட்டுநர் சொன்னார். காற்று போனதும் ஸ்பிரிங் விசையால் சக்கரத்தைப் பிடிக்கும் அந்த பிரேக்கைப் பற்றி அவர் சொன்னது எந்த அளவுக்குச் சரி என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வீட்டுக்கு வந்தபின் கவனித்தவை இவை. இரவு 8 பாரில் நிறுத்தினால் காலையில் இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் இருக்கின்றன. வண்டியின் பின்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. பூஜ்யத்திலிருந்து 7 பார் ஏறுவதற்கு முன்பு 5 நிமிடம் போதும். இப்போது 14 நிமிடம் ஆகிறது. டேங்கின் அடித்திருகைத் திறந்தால் தண்ணீர் தெளிவாக வருவதில்லை, நீர்மோரைப் போல வெளுத்து, விரலில் தொட்டால் வழுவழுவென்று எண்ணெய்ப் பசையுடன் இருக்கிறது. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, வண்டிக்கு அடியில் குனியாமலேயே, கம்ப்ரசர் போய்விட்டது, புதியது மாட்ட வேண்டும் என்றார்கள். செலவுக்கு அஞ்சவில்லை, ஆனால் அதை மாற்றியும் குறை தீராமல் மறுபடி மலையேற நேர்ந்தால் என்ன செய்வது என்பதே என் கவலை.

சங்ககிரி பட்டறைக்காரர்

நண்பரே, நீங்கள் எழுதியதில் ஒன்றல்ல, இரண்டு குறைகள் தெரிகின்றன. காற்று மெதுவாக ஏறுவது ஒரு குறை. ஏறிய காற்று நிற்காமல் போவது வேறொரு குறை. இரண்டையும் கலந்து பார்ப்பதால்தான் பல வண்டிகளில் நல்ல கம்ப்ரசரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, அதே குறையோடு திரும்பி வருகிறார்கள். முதலில் கசிவைப் பாருங்கள். அதற்கு ஒரு கடிகாரமும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் போதும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டை வைக்காமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. காற்றை முழுதாக ஏற்றுங்கள். உச்ச அழுத்தம் வந்ததும் அடியில் ‘புஸ்’ என்று ஒரு முறை காற்று வெளியேறும் சத்தம் கேட்க வேண்டும். அதன்பின் இன்ஜினை நிறுத்தி, கை பிரேக்கை விடுவித்து, பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். அடுத்து, ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முதலில் சட்டென்று இறங்கும் அளவைக் கணக்கில் கொள்ளாமல், அதற்குப் பிறகு ஒரு நிமிடம் பாருங்கள். அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர் தேர்விலேயே இந்தச் சோதனை உண்டு: டிரெய்லர் இல்லாத வண்டியில் பெடலை மிதிக்காதபோது நிமிடத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டும், மிதித்துப் பிடித்திருக்கும்போது 3 பவுண்டும்தான் அதிகபட்சம் இறங்கலாம். நம் மீட்டரில் அது ஏறத்தாழ 0.14 பார், 0.2 பார். அங்கு ஓடும் பெரிய டீசல் மோட்டார்ஹோம்களும் இதே வகை ஏர் பிரேக்கில்தான் ஓடுகின்றன. ஆகவே அந்த அளவை நாமும் கைக்கொள்வதில் தவறில்லை.

பெடலைத் தொடாதபோதே இறங்கினால் டேங்க், குழாய், இணைப்பு, வால்வு ஆகியவற்றில் தேட வேண்டும். மிதிக்கும்போது மட்டும் இறங்கினால் பிரேக் சேம்பரின் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும், சக்கரத்தருகே உள்ள கிண்ணம்) டயாபிரம் என்னும் ரப்பர்த் தகடு, சக்கரத்துக்குப் போகும் ஹோஸ், பெடலுக்கு அடியிலுள்ள டூயல் பிரேக் வால்வு ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பலர் தவறவிடும் இன்னொன்றையும் சொல்கிறேன். கை பிரேக்கை விடுவித்தவுடன் பின்சக்கரங்களுக்குக் காற்றை விரைந்து அனுப்பும் ரிலே வால்வின் வெளியேற்று வாயிலிலோ பெடல் வால்வின் அடியிலோ காற்று சீறி, கை பிரேக்கைப் போட்டதும் அந்தச் சீற்றம் நின்றால், ரிலே வால்வைக் கழற்றாதீர்கள். பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்கு உள்ளே இரு அறைகளையும் பிரிக்கும் சீல் தேய்ந்து, ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும் காற்று பக்கத்து அறைக்குப் புகுந்து, வந்த வழியே திரும்பிப் போய் வெளியேறுகிறது. சத்தம் வால்வில் கேட்கும், நோய் சேம்பரில் இருக்கும்.

பிரேக்கின் காற்று முன், பின் என இரு தனிச் சுற்றுகளாக ஓடும்; சிவப்பு முள் எந்தச் சுற்றைக் காட்டுகிறது என்பதையும் ஊகிக்க வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு முன்சுற்று டேங்கின் அடித்திருகைத் திறந்துவிடுங்கள். எந்த முள் பூஜ்யத்துக்குப் போகிறதோ அதுதான் முன்சுற்று. அப்போது மற்ற முள் ஓரளவு இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். அதுவும் சேர்ந்து பூஜ்யத்துக்குப் போனால் சுற்றுகளுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுத்து, ஒன்று கசிந்தாலும் மற்றவற்றைக் காக்கும் நான்கு வழிப் பாதுகாப்பு வால்வு வேலை செய்யவில்லை என்று பொருள். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கரூர் பாடி கட்டுபவர்

மேலே எழுதியவர் சொன்ன சோதனை மிகச் சரியானது. எனக்குத் தோன்றும் சந்தேகம் வேறிடத்தில் இருக்கிறது: கதவுக்கும் ஹார்னுக்கும் பலூனுக்கும் காற்று எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள்?

நான்கு வழி வால்வின் உடலில் எண்கள் பொறித்திருக்கும். 21, 22 ஆகியவை கால் பிரேக்கின் இரு சுற்றுகள். 23 கை பிரேக். 24 துணைச் சுற்று. பிரேக்கைச் சேராத எதுவாக இருந்தாலும், ஏர் கதவாகட்டும், ஓட்டுநர் இருக்கையாகட்டும், 24-இலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கே குழாய் அறுந்தே போனாலும் வால்வு அந்தச் சுற்றை மூடிக்கொண்டு பிரேக்கின் காற்றைக் காப்பாற்றிவிடும். ஆனால் வேலை அவசரத்தில், கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும் பிரேக் டேங்கிலேயே ஒரு டீ ஜாயிண்ட் போட்டு ஹார்னுக்கு இழுத்துவிடுவதை நான் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்யும் தவறுதான். சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாது. திம்பத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துக்கொண்டும் பிரேக் மிதித்துக்கொண்டும் தான் இறங்கியிருப்பீர்கள். இரண்டும் ஒரே டேங்கிலிருந்து எடுத்தால் சிவப்பு முள் ஏன் முதலில் விழுந்தது என்பது விளங்கிவிடும். இன்ஜினை நிறுத்தி, மூன்று விநாடி ஹார்னை அடித்து, எந்த முள் அசைகிறது என்று பாருங்கள்.

வண்டி இடப்புறம் சாய்வது இடப்பக்கப் பலூனிலோ வண்டியின் உயரத்தைச் சமமாக வைக்கும் அதன் லெவலிங் வால்விலோ உள்ள கசிவு. ஜெனரேட்டரின் புகைக்குழாய் செல்லும் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். அதன் அருகே நைலான் குழாய் ஓடினால் சூட்டில் இளகி, பார்வைக்கு நன்றாக இருந்தும் இணைப்பில் பிடிப்பு இல்லாமல் போயிருக்கும்.

ஈரோடு ஓய்வுபெற்ற பிரேக் பிட்டர்

தம்பி, ஓட்டுநர் சொன்னதை முதலில் திருத்த வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது உங்கள் வண்டியில் பின்சக்கரங்களில் மட்டும்தான் இருக்கும். கால் பிரேக்கைப் போல அளந்து பிடிக்கவும் முடியாது. காற்று இறங்க இறங்க, நாம் கேட்காத நேரத்தில், கேட்காத இடத்தில் பிடிக்கும். ஈரமான வளைவில் பின்சக்கரம் மட்டும் இறுகினால் வண்டியின் பின்பகுதி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லைனிங் ஏற்கெனவே சூடேறியிருந்தால் அந்த ஸ்பிரிங்கின் பிடியும் போதாமல் போகலாம். பஸ்ஸர் அடித்தவுடன் நிறுத்தியது மட்டுமே அன்று அவர் செய்த சரியான காரியம். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன்.

காற்று மெதுவாக ஏறுவதற்கு வருகிறேன். நீர்மோர் நிறத்தில் வருவது தண்ணீரும் கம்ப்ரசர் எண்ணெயும் கலந்த கலவை. காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரின் கேட்ரிஜ் வேலையை நிறுத்தி நாளாகிவிட்டது. கம்ப்ரசர் எண்ணெய் தள்ளும் வண்டியில், அதன் தலையிலிருந்து டிரையருக்குப் போகும் குழாயில் அந்த எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். குழாய் வெளியே பழையபடி இருக்கும். உள்ளே துளை சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே முதலில் அந்தக் குழாயைக் கழற்றி இரு முனையிலும் பாருங்கள். அடுத்து ஏர் பில்டர். அதன்பின் டிரையருக்கு அடியில் காதை வைத்துக் கேளுங்கள்: உச்ச அழுத்தம் வருவதற்கு முன்பே அங்கே விடாமல் சீறினால் உச்ச அழுத்தத்தில் மட்டும் காற்றை வெளியே விட வேண்டிய அன்லோடர் வால்வு மூடவில்லை, அதில் கரித்துணுக்கு சிக்கியிருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால்தான் கம்ப்ரசரின் வால்வுத் தகடும் ரிங்கும்.

பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் சிலாக் அட்ஜஸ்டரையும் மறக்க வேண்டாம். பிரேக் தளர்ந்திருந்தால் சேம்பரின் தண்டு அதிக தூரம் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் அதிகக் காற்று செலவாகும். எங்கும் கசிவே இல்லாத வண்டியிலும் மலையிறக்கத்தில் முள் விழுவதற்கு இதுவே காரணமாகிவிடும். இறங்கும்போது ஏறின அதே தாழ்ந்த கியரில், இன்ஜின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்கச் சொல்லுங்கள். காலை எடுத்து எடுத்து மிதிப்பதில் ஒவ்வொரு முறையும் சேம்பரிலுள்ள காற்று வெளியே போகிறது. ஒரு முறை உறுதியாக மிதித்து, வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டுக் காலை எடுப்பதே நல்லது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் கிளாம்பை யாரும் வீட்டில் கழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசையுடையது. போல்ட் போட்டு ஸ்பிரிங்கைச் சுருக்கிக் கட்டிய பிறகே சேம்பரை முழுதாக இறக்க வேண்டும், அதையும் அந்த வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

பெருந்துறை தோட்டக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களில் நடந்தவற்றை எழுதுகிறேன்.

ஹார்னை அடித்தபோது சிவப்பு முள் கண் முன்னே கீழிறங்கியது. முன்சுற்று டேங்கின் திருகைத் திறந்து பார்த்தும் உறுதிசெய்தோம். அதே டேங்கிலிருந்துதான் ஹார்னுக்கும் பலூனுக்கும் டீ ஜாயிண்ட் போட்டிருந்தார்கள். அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரை ஊற்றியதும் கடுகளவு குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சிறிது நேரத்தில் எலுமிச்சம்பழ அளவு நுரையாகத் திரண்டது. அதை எடுத்துவிட்டு டேங்கின் வாயை முறையாக அடைத்தோம். கதவையும் பலூனையும் 24-ஆம் வழிக்குத் தனிச் சிறு டேங்க் வைத்து மாற்றினோம். ஏர் ஹார்னை முழுவதுமாகக் கழற்றிவிட்டேன். சாதாரண மின்சார ஹார்ன் போதும்.

கம்ப்ரசர் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, சுண்டுவிரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில் முனைதான் நுழைந்தது. குழாயை மாற்றி, ஹெட்டைத் திறந்து கரியைச் சுரண்டி, வால்வுத் தகட்டையும் டிரையர் கேட்ரிஜையும் புதிதாகப் போட்டோம். கம்ப்ரசர் பழையதுதான். இப்போது பூஜ்யத்திலிருந்து 7 பார் ஏற ஐந்தரை நிமிடம் ஆகிறது. பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்தால் முள் அசைவதே இல்லை. ஆனால் கை பிரேக்கை விடுவித்தால் பின்பக்கம் மெல்லிய சீற்றம் கேட்கிறது, போட்டால் நின்றுவிடுகிறது. சங்ககிரி நண்பர் எழுதியது அப்படியே பொருந்துவதால் ரிலே வால்வைத் தொடவில்லை. இரண்டு பின் சேம்பர்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சங்ககிரி பட்டறைக்காரர்

கட்டை வைத்து, காற்றை முழுதாக ஏற்றி, கை பிரேக்கை விடுவித்துச் சீறும்போது, வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு பக்கச் சேம்பரின் ஸ்பிரிங்கைப் போல்ட் போட்டுச் சுருக்கிக் கட்டச் சொல்லுங்கள். பிறகு கை பிரேக்கைப் போட்டு அந்த ஸ்பிரிங் பக்கக் குழாயில் காற்று இல்லை என்பதை உறுதிசெய்து, குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, மறுபடி விடுவித்துப் பாருங்கள். சீற்றம் நின்றால் அந்தப் பக்கம், நிற்காவிட்டால் மறுபக்கம். எந்தப் பக்கம் என்று தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய் கலந்த காற்று இரண்டு சேம்பர்களின் ரப்பரையும் ஒரே அளவு காலம் தின்றிருக்கிறது. அந்த வேலை முடியும்வரை வண்டி பெருந்துறையிலேயே நிற்கட்டும்.