குரோனோ ட்ரிகர் முடிச்சாச்சு. குரோனோ கிறொஸ் தொடங்கலாமா, இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

கொக்குவில்காரன்

எல்லாருக்கும் வணக்கம். குரோனோ ட்ரிகர் எண்ட வீடியோ விளையாட்டின்ரை கதை முழுக்க முடிஞ்சுது. அடுத்ததா குரோனோ கிறொஸைத் தொடங்குவம் எண்டு விசாரிச்சால், ஒரு பக்கம் "இதுமாதிரி ஒரு கதை வரவே வராது" எண்டுறாங்கள். மற்றப் பக்கம் "உனக்குப் பிடிச்ச ஆக்களையெல்லாம் சாக்காட்டிப்போட்டாங்கள், கிட்டவும் போகாதை" எண்டுறாங்கள். நடுவிலை நிக்கிற ஒருத்தரையும் காணேல்லை.

உண்மையிலை கிறொஸ் ட்ரிகரின்ரை தொடர்ச்சிதானா? லெவல் ஏத்துற முறையே இல்லையாம், அப்ப சண்டை எப்பிடிப் போகுது? 2022இலை வந்த புதுப் பதிப்பு வாங்கலாமா, போனிலை இருக்கோ? எங்கடை பக்கம் கரண்ட் எப்ப போகும் எண்டு தெரியாது, சேவ் பண்ணுற வசதி எப்பிடி எண்டும் சொல்லுங்கோ. கடைசி முடிவைத் தவிர மற்றக் கதையைச் சொன்னாலும் பரவாயில்லை.

---

தீவகத்தான்

விளையாடுங்கோ தம்பி. ஆனால் ட்ரிகரின் இரண்டாம் பாகம் எண்டு நினைச்சுக்கொண்டு உள்ளை போகாதேங்கோ. சண்டையெல்லாம் அந்த நினைப்பிலைதான் தொடங்குது.

ட்ரிகருக்கும் கிறொஸுக்கும் நடுவிலை ராடிக்கல் ட்ரீமர்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. 1996இல் சட்டலாவியூ எண்ட செய்மதிச் சேவைக்காக ஜப்பானிலை மட்டும் வந்தது. படம் குறைவு, பெரும்பாலும் எழுத்தை வாசிச்சு முடிவெடுக்கிற விளையாட்டு. கிறொஸின்ரை நாயகன் செர்ஜ், அவனோடை வாற பெண் கிட், எதிரி லிங்ஸ், வைப்பர் மாளிகை எல்லாம் முதலில் வந்தது அதிலைதான். அதை எழுதின மசாட்டோ கட்டோவே 1999இல் கிறொஸை இயக்கினார். ட்ரிகரிலை பெரிய பெயர்களாக இருந்த யூஜி ஹொரியும் அகிரா டொரியாமாவும் கிறொஸிலை இல்லை. பாத்திரங்களை வரைஞ்சது நொபுத்தெரு யூக்கி. அதாலை முகமும் குரலும் மாறினதுக்குக் காரணம் தேடத் தேவையில்லை. கட்டோ தன்ரை சின்னக் கதையைப் பெரிசாக்கி, ட்ரிகரின்ரை உலகத்துக்குள்ளை வைச்சார்.

கதை நடக்கிறது 1020ஆம் ஆண்டு, எல் நிடோ தீவுக்கூட்டத்தில். செர்ஜுக்கு 17 வயது. ஆர்னி எண்ட மீன்பிடி ஊர். ஊர்த்தோழி லீனாவுக்கு மாலை கோக்க லிசர்ட் ரொக்கிலை மூண்டு கொமோடோச் செதில் பிடிச்சுக் குடுக்கிறதிலை தொடங்கும். பிறகு ஒப்பாசா கடற்கரையிலை அவன் இன்னொரு உலகத்துக்குள்ளை விழுறான். அங்கை அவன் பத்து வருசத்துக்கு முன்னமே கடலிலை செத்துப்போனவன், கல்லறையும் இருக்கு. ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ வள்ளம் கட்டின கரையைப் பாத்து வளர்ந்த ஆக்களுக்கு அந்த ஊர் உடனை ஒட்டிக்கொள்ளும்.

இனி ஆக்களைக் கோபப்படுத்துற விசயத்துக்கு வாறன். ட்ரிகர் தொடங்கின கார்டியா இராச்சியம் 1005இலை விழுந்துபோச்சு. ட்ரிகரிலை எங்களோடை வந்த லூக்கா நடத்தின அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை லிங்ஸ் எரிச்சுப்போட்டான். அதே கூட்டத்து ரோபோ, புரொமீதியஸ் எண்ட பேரில் ஒரு சர்க்கிட்டாக வந்து சில வசனத்துக்குள்ளை அழிக்கப்படுறான். ட்ரிகரின்ரை நாயகன் குரோனோவும் அவன்ரை தோழி மார்லேயும் சின்னப் பிள்ளை உருவிலை, ஆவி மாதிரி நிக்கினம். இவ்வளவும் திரைக்கு வெளியிலை நடந்து முடிஞ்ச செய்தியாத்தான் எங்களுக்குக் கிடைக்குது. முதல் விளையாட்டிலை அந்த ஏழு பேரோடையும் நாள்கணக்கா நடந்த ஒருவருக்கு இது நோகும். அந்த நோவு நியாயமானது.

ஆனால் டெட் சீ எண்ட இடத்துக்குப் போகும் வரைக்கும் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. எழும்பின கடல் எழும்பினபடியே உறைஞ்சு நிக்கும். அதுக்கு நடுவிலை உடைஞ்ச நெடுஞ்சாலையும் கட்டடங்களும். ட்ரிகரிலை உலகத்தை அழிக்க வந்த லாவோஸை நாங்கள் வென்று, இல்லாமல் பண்ணின எதிர்காலத்தின்ரை மிச்சம் அது. "நீங்கள் மாத்தினீங்கள். மாத்தாத காலத்திலை பிறந்து வாழ இருந்த ஆக்கள் எங்கை?" எண்டுதான் அந்த இடம் கேக்குது. ட்ரிகர் இந்தக் கேள்வியைத் தொடவேயில்லை. கிறொஸ் முழுக்க இதுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கு. என்ரை கணக்கிலை ஒரு தொடர்ச்சி செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இன்னொண்டு. நீங்கள் சேவ் பண்ணுற கருவியின்ரை பேர் ரெக்கோர்ட் ஒஃப் ஃபேட். ஊர்ச்சனம் அதிட்டைப் போய் ஆலோசனை கேக்கும். அது என்னத்துக்கு அங்கை வைச்சிருக்கு எண்டது பாதிக்குப் பிறகு தெரியவரும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சேவ் பண்ணேக்கை அந்த நினைவு வரும்.

---

மானிப்பாய் மேஜ்

தீவகத்தான் அண்ணை டெட் சீயைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ளுறன். ஆனால் அந்தக் கேள்வியை நடத்திக் காட்டின விதம் பலவீனம். ட்ரிகர் எதையும் செய்து காட்டும். கிறொஸ் நிறுத்தி வைச்சு விளக்கும். ட்ரிகரிலை காணாமல் போன இளவரசி சாலாவுக்கு என்ன நடந்தது, கிட் யார், குரோனோபொலிஸ் எண்ட எதிர்காலத்து நகரம் எப்பிடி அந்தக் காலத்துக்கு வந்தது, டிராகன்கள் எங்கையிருந்து வந்தன, எல்லாமே கடைசி மணித்தியாலங்களிலை குரோனோபொலிஸிலும் டெரா டவர் எண்ட கோபுரத்திலும் ஒப்பாசா கடற்கரையிலும் நீட்டு வசனமாக் கொட்டப்படும். முதல் இருபது மணித்தியாலத்திலை விதைச்சிருக்க வேண்டியதை அறுவடை நேரத்திலை விதைக்கினம்.

அடுத்தது ஆக்களின் எண்ணிக்கை. ட்ரிகரிலை 7 பேர், இதிலை 45 பேர். இதின்ரை விளைவை வசனத்திலை பாக்கலாம். எந்த மூண்டு பேர் கூட வந்தாலும் காட்சி நடக்க வேணும். எல்லாருக்கும் தனித்தனியா வசனம் வைக்க இடம் காணாது. அதாலை ஆங்கிலப் பதிப்பிலை ரிச்சர்ட் ஹனிவுட் ஒரு நிரல் செய்தார். ஒரே வசனத்தை எடுத்து, பேசுற ஆளைப் பொறுத்து அதுக்குப் பேச்சு வழக்கை ஏத்திவிடும். தொழில்நுட்பமாப் பாத்தால் கெட்டித்தனமான வேலை. ஆனால் லீனா சொல்லுறதையும் பொஷுல் நாய் சொல்லுறதையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ: உச்சரிப்புத்தான் வேறை, உள்ளை இருக்கிற யோசனை ஒண்டு. ஒருத்தர் கதையோடை வளருற மாதிரி இருக்காது.

கூட்டுத் தாக்குதலும் அப்பிடித்தான். ட்ரிகரிலை மேகஸைத் தவிர மற்ற எந்த இரண்டு பேரைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு கூட்டு உத்தி கிடைக்கும், சண்டையின்ரை உயிரே அதுதான். இதிலை குறிச்ச சில சோடிகளுக்கு மட்டும்தான். செர்ஜும் கிளென் எண்ட வாள்வீரனும் சேர்ந்தால் எக்ஸ்-ஸ்ட்ரைக் எண்ட கூட்டு அடி வரும். மற்றப்படி ஆளாளுக்குத் தனித்தனி.

இசையிலை மட்டும் எவரும் சண்டை பிடிக்கிறதில்லை. இசையமைச்ச யசுனோரி மிட்சுடாவின்ரை உச்சம் இது.

---

சுன்னாகம் நிலா

கதையை இரண்டு அண்ணைமாரும் பாத்துக்கொள்ளட்டும். நான் சண்டையையும் பதிப்பையும் சொல்லுறன்.

ஒவ்வொருவருக்கும் 7 ஸ்டமினா, அதாவது அடிக்கிறதுக்கான தெம்பு. அடி மூண்டு வகை: மெல்லிய அடிக்கு 1, நடுத்தரத்துக்கு 2, பலத்த அடிக்கு 3 செலவாகும். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்திலை படுமா எண்டு நூற்றுவீதம் காட்டும். எடுத்த எடுப்பிலை 3ஐப் போட்டால் பெரும்பாலும் தவறும். 1 பட்டால் அடுத்த அடியின்ரை வீதம் ஏறும். அதாலை 1, 2, 3 எண்டு ஏறிப் போங்கோ. அதோடை 6 போகும், 1 மிஞ்சும். அந்த 1ஐ வைச்சு ஒரு எலிமென்ட், அதாவது நிறமுள்ள ஒரு மந்திரம் போடலாம். எலிமென்டுக்கு 7 வேணும் எண்டாலும், 1 இருந்தாலே விடும், கணக்கு மைனஸ் 6க்கு இறங்கும். அந்த ஆள் கொஞ்ச நேரம் சும்மா நிக்க வேண்டிவரும். மற்ற இரண்டு பேரும் ஸ்டமினா செலவழிக்கச் செலவழிக்க இவருக்குத் திரும்பி ஏறும். புதுசா வாறவை விழுற பிழை, மூண்டு பேரையும் ஒரே சுற்றிலை மைனஸுக்கு இறக்கிறது. பிறகு எதிரி அடிக்க, குணமாக்கக்கூட ஆள் இல்லாமல் நிப்பினம்.

பட்ட அடிகளாலைதான் எலிமென்ட் படி ஏறும். 1 பட்டால் ஒரு படி, 3 பட்டால் மூண்டு படி. ஆளுக்குரிய எலிமென்டுக் கட்டத்திலை வைச்ச ஒரு எலிமென்டை ஒரு சண்டையிலை ஒருக்காத்தான் பாவிக்கலாம், அடுத்த சண்டைக்குத் திரும்ப வந்துவிடும். அதாலை சின்னச் சண்டையிலை மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. முடிஞ்ச உடனை, மிஞ்சின குணமாக்கும் எலிமென்டுகளை வைச்சு எல்லாரையும் தேத்தவோ எண்டு அதுவே கேக்கும்.

நிறம் ஆறு. சிவப்புக்கு நீலம் எதிர், பச்சைக்கு மஞ்சள், வெள்ளைக்குக் கறுப்பு. திரையிலை மூண்டு வளையம் இருக்கும். கடைசியாப் போட்ட மூண்டு எலிமென்டின்ரை நிறம் அதிலை நிக்கும். உங்கடை நிறம் அங்கை கூட நிண்டால் உங்கடை எலிமென்டுக்குப் பலம் கூடும். சம்மன் எண்ட பெரிய மந்திரம் போட மூண்டும் ஒரே நிறமா இருக்க வேணும், போடுறவரும் அந்த நிறத்து ஆளா இருக்க வேணும். இரண்டு நிரப்பி மூண்டாவதுக்குப் போகேக்கை எதிரி தன்ரை நிறத்தைப் போட்டுக் குழப்புவான். எதிரி ஒருக்காப் போட்டு முடிச்ச கையோடை தொடங்கினால் தப்பலாம்.

லெவல் இல்லை எண்டது உண்மை. பொஸை, அதாவது பெரிய எதிரியை வென்றால் ஒரு நட்சத்திரம், எல்லாருக்கும் பலம் ஏறும். அதுக்குப் பிறகு வாற சில சாதாரணச் சண்டைகளிலை இன்னும் கொஞ்சம் ஏறி நிண்டுவிடும். அதுக்கு மேலை மினக்கெட்டு அடிச்சாலும் பலன் இல்லை. பொஸ் வெல்லேலாமல் இருந்தால் ஓடுங்கோ. பொஸ்ச் சண்டையிலும் ஓடலாம். வெளியிலை வந்து எலிமென்டுக் கட்டத்தை மாத்தி அடுக்கிக்கொண்டு திரும்பப் போங்கோ. தோல்வி பெரும்பாலும் அடுக்கின விதத்தாலைதான் வாறது. நீல எதிரிக்கு முன்னாலை சிவப்பு ஆளைக் கொண்டுபோய் நிப்பாட்டினால் அடி பலமா விழும்.

புதுப் பதிப்பு ஸ்டீம், சுவிட்ச், பிஎஸ்4, எக்ஸ்பொக்ஸிலை 2022 ஏப்ரலிலை வந்தது. போனிலை இல்லை. வந்த நேரம் சண்டைக் காட்சி சரியா இழுபட்டுது, அந்தக் குறையைச் சொல்லுற பழைய விமர்சனங்கள் இன்னும் கிடக்கு. 2023 பெப்ரவரியிலை வந்த அப்டேற்றோடை அது நல்லாத் திருந்திச்சு. அப்டேற்றைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கோ. வேகத்தைக் கூட்டலாம், எதிரி தொடாமல் விடலாம், சண்டையைத் தானா நடத்த விடலாம். எதிரியை நிப்பாட்டி வைச்சுக்கொண்டே போகாதேங்கோ: நட்சத்திரத்துக்குப் பிறகு வாற அந்தச் சின்ன ஏற்றமும், ஆயுதம் செய்யிற சாமானும் கிடைக்காமல் போகும். ராடிக்கல் ட்ரீமர்ஸும் அதுக்குள்ளையே ஆங்கிலத்திலை இருக்கு. கிறொஸை முடிச்ச பிறகு வாசியுங்கோ.

சேவ்: உலக வரைபடத்திலை எந்த நேரமும் பண்ணலாம், உள்ளிடங்களிலை குறிச்ச இடத்திலை மட்டும். குகைக்குள்ளை இறங்க முன்னம் வரைபடத்திலை ஒண்டு போட்டுவிட்டு இறங்குங்கோ.

---

கொக்குவில்காரன்

நிலா அக்கா, பெரிய உதவி. ஓடலாம் எண்டது ஒருத்தரும் சொல்லாத விசயம். ஆர் ஆரைச் சேர்க்கிறது? கடைசிப் பொஸை அடிச்சு வென்றாலும் சரியான முடிவு வராதாம், அது என்ன? முடிவைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்லுங்கோ.

---

தீவகத்தான்

தொடக்கத்திலை கிட் கூட வாறன் எண்டு கேக்கேக்கை மூண்டு தரமும் மறுத்தால், அடுத்த நாள் லீனா சேருவாள். கிட் எப்பிடியும் பிறகு வருவாள், நட்டம் இல்லை. வைப்பர் மாளிகைக்குப் போக வழிகாட்டி மூண்டு பேர்: கைல், நிக்கி, பியேர். முதல் தரம் கைல்தான் நல்லது, எலிமென்ட் பலம் கூட. பிறகு கிட்டுக்கு நஞ்சு ஏறும். காப்பாத்தப் போறன் எண்டால் கொர்ச்சா வருவான். போகேல்லை எண்டால் கிளென். கிட் இரண்டு வழியிலும் பிழைப்பாள். செர்ஜோடை எக்ஸ்-ஸ்ட்ரைக் வேணும் எண்டால் கிளென். மனசு கேக்காவிட்டால் காப்பாத்தப் போங்கோ, விளையாட்டு அதுக்காகத் தண்டிக்காது.

கடைசிக்கு வாறன். டிவைன் டிராகன் ஃபோல்ஸிலை குரோனோ கிறொஸ் எண்ட எலிமென்டைச் செய்துகொண்டுதான் கடைசிப் பொஸான டைம் டிவௌரரிட்டைப் போக வேணும். அதைக் கட்டத்திலை வைக்க மறந்தால் எல்லாம் வீண். சண்டையிலை எலிமென்டுகள் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை எண்ட ஒழுங்கிலை விழ வேணும், உடனை குரோனோ கிறொஸ். டெரா டவர் உச்சியிலை எதிரி நிறம் மாறுற ஒழுங்கும் இதுதான். அதைக் கவனிச்ச ஆளுக்கு விடை அங்கையே கிடைச்சிடும்.

குழம்புறது இரண்டு இடத்திலை. எதிரி போடுற எலிமென்டும் வரிசையிலை சேரும். பச்சை வர வேண்டிய இடத்திலை அவன் கறுப்பைப் போட்டால் முதலிலை இருந்து தொடங்க வேணும். அவன் மஞ்சளைப் போட்டால் அதையே தொடக்கமா எடுத்து நீங்கள் சிவப்பிலை தொடருங்கோ. மற்றது, குணமாக்கிற எலிமென்டுக்கும் நிறம் உண்டு. பயத்திலை கியூர் போட்டால் நீலம் விழுந்து வரிசை உடையும். நீலத்தின்ரை முறை வரேக்கை கியூரைப் போடுங்கோ, இரண்டு வேலையும் முடியும்.

அடுக்கிறது: ஒரு தரம் போட்டால் முடிஞ்சுது எண்டபடியாலை, ஒவ்வொரு நிறத்திலும் சின்ன எலிமென்ட் பல பிரதி மூண்டு பேரிட்டையும் வையுங்கோ. அப்லிஃப்ட், ஃபயர்போல், ஏரோசோசர், அக்வாபீம், கிராவிட்டிபுளோ, ஃபோட்டன்ரே காணும், எல்லாம் முதல் படி. வெறும் அடி வரிசையை உடைக்காது. அதாலை ஸ்டமினா காணாட்டில் 1 அடி அடிச்சு மற்றவையை ஏத்துங்கோ. ஆனால் கன அடி அடிச்சு அவனைக் கொன்றுபோடாதேங்கோ. செத்தால் எழுத்து ஓடும், பாக்க வேண்டியது வராது.

---

மானிப்பாய் மேஜ்

இதோடை ஒண்டு. முடிச்சு சேவ் பண்ணினால் புது விளையாட்டு பிளஸ், அதாவது சேர்த்ததுகளோடை திரும்பத் தொடங்கிற வசதி திறக்கும். அதிலை டைம் எக் கிடைக்கும், ஒப்பாசா கடற்கரையிலை இருந்து நேரா கடைசிப் பொஸிட்டைப் போகலாம். கதையின்ரை எந்தக் கட்டத்திலை போறீங்களோ அதுக்கேத்த முடிவு வரும், ட்ரிகரிலை மாதிரியே. முதல் தரம் கிளெனை எடுத்தால் இரண்டாம் தரம் கொர்ச்சாவை எடுங்கோ. வேகம் கூட்டுற வசதியோடை இரண்டாம் தரம் கெதியா முடியும். சாலாவைப் பற்றின வசனங்களைத் தெரிஞ்சுகொண்டு திரும்பக் கேக்கேக்கை அந்த நீட்டு விளக்கம் முந்தினதைவிட வடிவா விளங்கும்.